மெஸ் பில்லில் தொடங்குங்கள்: கல்லூரிப் பத்திரிகைக்கு முதல் கருத்துக் கட்டுரை எழுதுவோருக்கு

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிப் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டுவார்கள். வந்து சேர்பவற்றில் பாதிக்கு மேல் தலைப்பைப் படித்ததுமே கடைசி வரி வரை தெரிந்துவிடும். ‘இளைஞர் கையில் இந்தியா’, ‘கைப்பேசியின் நன்மை தீமைகள்’ என்று தலைப்பு இருக்கும். மேலே ஒரு குறள், கீழே ஒரு பாரதி, நடுவில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கித் தந்த வடிவம் என்பதால் கை பழகிய தடத்திலேயே ஓடுகிறது.

அதை எழுதிய அதே ஆள் இரவு மெஸ்ஸில் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். “ஸ்டடி ஹாலிடேஸ்ல பாதிப் பேர் ஊருக்குப் போயிட்டான். சாப்பிட்டது பாதிப் பேர்தான். ஆனா எனக்கு பில்லு ஏறியிருக்கு. எப்படிடா?” பத்திரிகைக்கு அவர் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். அவரோ தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

மூன்று ஆண்டுகள் ஒரு கல்லூரிப் பத்திரிகையில் இருந்தேன். முதல் ஆண்டு எழுதினேன், மற்ற இரண்டு ஆண்டும் பிறர் எழுதியதைத் திருத்தினேன். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அப்போது வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பொருளைச் சிறிதாக்குங்கள்

எழுத உட்காரும் முன் ஒரு கேள்வி: இதைப் படித்துவிட்டு யார், என்ன செய்ய முடியும்? ‘யார்’ என்ற இடத்தில் அரசு, சமுதாயம், இளைஞர் சமூகம் என்று ஏதாவது வந்தால் பொருள் இன்னும் பெரிசாக இருக்கிறது. விடுதிக் காப்பாளர், நூலகர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், உங்கள் வழித்தடத்துப் பேருந்துப் பணிமனையின் கிளை மேலாளர் என்று ஒரு நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே நிறுத்தலாம்.

சின்ன விஷயத்தை எழுதினால் மதிப்பிருக்காது என்று நினைப்பவர்களுக்கு 1878ஆம் ஆண்டுச் சென்னையைச் சொல்வேன். டி. முத்துசாமி ஐயரை மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமித்ததை ஆங்கிலேயர் கையில் இருந்த பத்திரிகைகள் தாக்கி எழுதின. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் பதில் சொல்லக் கிளம்பினார்கள். இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, செப்டம்பர் 20ஆம் தேதி ‘தி இந்து’வை வார இதழாகக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882இல் தமிழில் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். இவ்வளவுக்கும் தொடக்கமாக இருந்தது ஒரே ஒரு நியமனம். பாரத நாட்டின் நீதித்துறை பற்றிப் பொதுவாக ஏதாவது எழுதுவோம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் அந்த 80 பிரதியும் விற்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கணக்கைப் போடுங்கள், கோபம் அப்புறம்

மெஸ் பில்லுக்கே வருவோம். தமிழ்நாட்டில் பல கல்லூரி விடுதிகளில் இருப்பது ‘டிவைடிங் சிஸ்டம்’. மாதம் ஆன மொத்தச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் வரும். அதை நீங்கள் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் உங்கள் பில். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் அவர் கணக்கில் கழியும். அதற்கு ‘ரிடக்‌ஷன்’ என்று பெயர். விவரங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் விடுதியில் எப்படி என்பதை மெஸ் செயலாளரிடம் கேட்டு எழுதிக்கொள்வது முதல் வேலை.

விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 300 பேர் உள்ள விடுதி. சமையல்காரர் சம்பளம், பாத்திரம் கழுவுவோர் கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து மாதம் 1,80,000 ரூபாய். யார் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இது குறையாது. அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு வகையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 ரூபாய். எல்லோரும் 30 நாளும் சாப்பிட்டால் 9,000 நாள் கணக்கு. நிலைச் செலவு நாளுக்கு 20 ரூபாய், மளிகை 70, ஆகமொத்தம் 90. மாத பில் 2,700.

இப்போது தேர்வுக்கு முந்தைய விடுமுறை மாதம். 150 பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நாள் கணக்கு 4,500 ஆகிறது. மளிகை அதே 70தான். ஆனால் சமையல்காரருக்குச் சம்பளம் பாதியாகவில்லையே. நிலைச் செலவு நாளுக்கு 40 ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு 110, மாதத்துக்கு 3,300. தங்கியவர் 600 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார், போனவர் ஒன்றும் கட்டவில்லை.

“மெஸ்ஸில் கொள்ளையடிக்கிறார்கள்” என்று எழுத நினைத்த கட்டுரை இந்த இடத்தில் தலைகீழாகிறது. யாரும் கொள்ளையடிக்காமலே பில் ஏறியிருக்கிறது. ஆனால் அநியாயம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. விடுமுறையிலும் விடுதியில் இருப்பவர் யார்? ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் வீடு உள்ளவர், டிக்கெட்டுக்குக் காசில்லாதவர், அரியர் எழுதுகிறவர், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர். ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டவரின் பங்குச் சம்பளத்தையும் அவர்தான் கட்டுகிறார்.

கேட்க வேண்டியது என்ன என்பதும் அதிலேயே கிடைக்கிறது. நிலைச் செலவை விடுதிப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் சமமாகப் பிரியுங்கள், மளிகையை மட்டும் நாள் கணக்கில் வகுங்கள். ஆளுக்கு 600 ரூபாய் நிலைச் செலவு. தங்கியவர் பில் 2,700, போனவர் பில் 600. இதைச் செய்ய அரசாணை தேவையில்லை. பெரும்பாலும் மெஸ் குழுவும் காப்பாளரும் உட்கார்ந்து பேசினாலே போதும்.

இந்த உதாரணத்தில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. பத்திரிகைக்கு வந்த கட்டுரைகளில் நான் திருப்பி அனுப்பியவை பெரும்பாலும் மோசமாக எழுதப்பட்டவை அல்ல. ஒரு கூட்டல் கழித்தல்கூடப் போடாமல் எழுதப்பட்டவை.

எண்கள் எங்கே கிடைக்கும்

நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே திறந்து கிடக்கின்றன. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் கொடுக்கும் தரவு பொதுவில் கிடைக்கிறது. கல்லூரியின் இணையதளத்தில், பெரும்பாலும் யாரும் அழுத்தாத ஒரு மூலையில் அதற்கு இணைப்பு இருக்கும். எத்தனை மாணவர், எத்தனை மாணவியர், நூலகத்துக்கு எவ்வளவு செலவு, வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களது இடைநிலைச் சம்பளம் (மீடியன்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். கட்டடங்களில் எத்தனை சதவீதத்தில் சாய்தளமோ லிப்டோ இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை எத்தனை கட்டடத்தில் இருக்கிறது என்றும் கல்லூரியே எழுதிக் கொடுத்திருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை வளாகத்தைச் சுற்றி வாருங்கள். சாய்தளங்களை எண்ணுங்கள். முடிந்தால் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவருடன், அவர் விருப்பத்தோடு, சேர்ந்தே போங்கள். சாய்தளத்தின் முடிவில் ஒரு படி இருப்பது தாளில் தெரியாது.

கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காகத் தயாரிக்கும் தன்னாய்வு அறிக்கையும் ஆண்டுத் தர அறிக்கைகளும் இதேபோலத் தளத்தில் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம். முழுவதும் படிக்கத் தேவையில்லை, உங்கள் பொருள் உள்ள பகுதியைத் தேடி எடுங்கள்.

அங்கேயும் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் நேரடியாகவே பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். சுயநிதிக் கல்லூரி என்றால் அதை நேரில் ஆய்வு செய்த குழுவின் அறிக்கையோ இணைப்பு ஆணையோ பல்கலைக்கழகத்தில் இருக்கும், அங்கே கேளுங்கள். மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். “ஏன் நூலகம் சீக்கிரம் மூடப்படுகிறது?” என்ற கேள்விக்கு விளக்கம் தர வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு இல்லை. “நூலகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, காலியானவை ஆகியவற்றின் பட்டியல் நகல்” என்று, காகிதமாக இருப்பதைக் கேளுங்கள். 30 நாள் என்றால் இதழ் வெளிவரும் தேதியை முன்கூட்டியே பார்த்து மனுப் போட வேண்டும். முதல் இதழுக்கு எழுத ஆசைப்பட்டு ஐந்தாம் இதழுக்குப் பதில் வந்த கதை எங்களுக்கு உண்டு.

திட்டப்போகிறவரிடம் போய்ப் பேசுங்கள்

நூலகத்தை உதாரணம் சொன்னது தற்செயலாக அல்ல. முதல் ஆண்டில் நான் எழுதியதே அதைப் பற்றித்தான். மாலை ஐந்து மணிக்கே நூலகம் பூட்டப்படுகிறது, ஆய்வகம் முடிந்து வருகிறவர்கள் எங்கே போவது, நூலகருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். இதழ் வெளிவந்த அன்று நண்பர்கள் தோளில் தட்டினார்கள். மறுநாள் நூலகர் ஆள் அனுப்பி வரச் சொன்னார். திட்டுவார் என்று போனேன். “உட்காருப்பா” என்றார். மேசையறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வைத்தார். மூன்று பணியிடம், அதில் இரண்டு பல ஆண்டுகளாகக் காலி. காலை எட்டரைக்குத் திறப்பதும் அவரே, ஐந்துக்குப் பூட்டுவதும் அவரே. ஆள் கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. “இத நீ முன்னாடியே வந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார்.

என் கட்டுரையைவிட நல்ல கட்டுரை அந்தக் கோப்பில் இருந்தது. அதை எழுத நான் ஒரு கால் மணி நேரம் அவர் அறைக்குப் போயிருந்தால் போதும்.

ஆகவே எழுதி முடிக்கும் முன் எதிர்த்தரப்பைப் பாருங்கள். போகும்போது நோட்டுப் புத்தகம் தெரியும்படி போங்கள். “ஐயா, மெஸ் பில் பத்தி நம்ம பத்திரிகைக்கு எழுதுறேன், உங்க பக்கத்தையும் கேக்கணும்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறைத்துப் பதிவு செய்யாதீர்கள். பேச மறுத்தால் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதைக் குறித்து, கருத்துக் கூற விரும்பவில்லை என்று ஒரு வரி போட்டால் போதும். அதற்கு மேல் ஏளனம் வேண்டாம்.

எழுத உட்காரும்போது

500 முதல் 600 சொற்கள் போதும். முதல் வரியில் ஒரு காட்சியோ எண்ணோ இருக்கட்டும். “விடுமுறையில் வீட்டுக்குப் போகாததற்கு எனக்கு 600 ரூபாய் அபராதம்” என்று தொடங்கினால் படிக்காமல் போகிறவர் குறைவு. மூன்றாம் பத்திக்குள் நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும். கருத்துக் கட்டுரையில் கடைசி வரை கருத்தை ஒளித்து வைப்பது துப்பறியும் கதை எழுதுகிறவரின் பழக்கம்.

உங்களுக்கு எதிரான வாதத்தை அதன் பலத்தோடு எழுதுங்கள். “சாப்பிடாத நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று ஊருக்குப் போனவர் கேட்பது நியாயமான கேள்வி. திரும்பி வரும் நாளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரே, அந்த எதிர்பார்ப்பின் விலைதான் அந்த 600 என்று பதில் சொல்லலாம். இதைவிட நல்ல பதில் உங்களிடம் இருக்கலாம். பதிலே இல்லையென்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை.

மொழி பற்றி ஒன்று. மெஸ், ஹாஸ்டல், அரியர், இன்டர்னல் மார்க் என்று வளாகத்தில் என்ன சொல்கிறீர்களோ அதையே எழுதலாம். ‘உணவுக்கூடக் கட்டணச் சீட்டு’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடி நின்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ‘வேதனைக்குரியது’, ‘வெட்கக்கேடானது’, ‘கண்டிக்கத்தக்கது’ போன்றவற்றை எழுதி முடித்த பிறகு தேடி அடித்துவிடுங்கள். எண்கள் சரியாக இருந்தால் வெட்கப்பட வேண்டியவர் தானாகவே வெட்கப்படுவார்.

நாட்டு நடப்பை எழுதும்போது

எழுதக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வாக்காளர்கள், அல்லது ஆகப்போகிறவர்கள். எழுதலாம். ஆனால் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருக்கும் பத்தி எழுத்தாளர் எழுதக்கூடியதையே நீங்களும் எழுதினால் அவரையே படித்துவிட்டுப் போகலாமே. உங்களுக்கு மட்டும் தெரியும் வாசல் வழியாக உள்ளே போங்கள்.

புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, 2024 இறுதியிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த மாணவியருக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்ற ஏற்பாடு. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. நல்ல திட்டம், மோசமான திட்டம் என்று பொதுவாக வாதாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அந்த ஆயிரம் ரூபாய் எதற்குப் போகிறது? பேருந்துக்கா, தேர்வுக் கட்டணத்துக்கா, வீட்டு வாடகைக்கா? நடுவில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளியில் படிக்க நேர்ந்து, அப்பா வேலை போய்ப் பிறகு அரசுப் பள்ளிக்குத் திரும்பிய ஒருத்தி பக்கத்துப் பெஞ்சிலேயே இருக்கலாம். ஏழு ஆண்டு என்ற கோடு அவளிடத்தில் எப்படி விழுகிறது என்று எழுதுங்கள். அவள் ஒப்புக்கொண்டால் மட்டும், பெயரில்லாமல்.

இன்னொரு வாசல் வாக்காளர் பட்டியல். விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ விடுதி உள்ள தொகுதியிலோ, இரண்டில் ஓரிடத்தில் படிவம் 6 கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் விடுதியின் ஒரு தளத்தில் மட்டும் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை ‘எங்கள் விடுதியின் இரண்டாம் தளத்தில்’ என்றே எழுதுங்கள். ‘தமிழக மாணவர்களில்’ என்று ஊதிப் பெருக்க வேண்டாம்.

எதைப் போடக் கூடாது

சக மாணவரை, குறிப்பாகப் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் போடாதீர்கள். பெயரை விட்டுவிட்டு ‘இரண்டாமாண்டு தாவரவியல், திண்டுக்கல்லிலிருந்து வரும் மாணவி’ என்று எழுதினால் பெயர் போட்டதற்குச் சமம். பாலியல் துன்புறுத்தல் புகார்களில் இது சட்டமும்கூட. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள், விசாரணை விவரம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. உங்கள் கல்லூரியில் புகார்க் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று எழுதலாம். வழக்கை எழுத முடியாது.

அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. உண்மையாகவும் பொது நன்மைக்காகவும் சொன்னது அவதூறாகாது என்ற விலக்கு அதிலும் உண்டு. உண்மை என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பது காகிதம் அல்ல.

பொறுப்பாசிரியர் மேசை

பெரும்பாலான கல்லூரிகளில் பொறுப்பாசிரியர் பார்த்து, முதல்வர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். இதில் சண்டைக்கு நிற்பதைவிட ஆயத்தமாகப் போவது பலன் தரும். கட்டுரையோடு மெஸ் கணக்குத் தாளின் நகல், காப்பாளரிடம் பேசிய குறிப்பு, என்.ஐ.ஆர்.எஃப். பக்கம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். “போட முடியாது” என்றால் எந்த வரி என்று கேளுங்கள். எந்த வரி என்று சொல்ல நேர்ந்தால், பல சமயம் அந்த ஒரு வரியோடு பிரச்சினை முடிந்துவிடும். முழுதாக மறுத்துவிட்டால் வேறெங்காவது உங்கள் பெயரிலேயே வெளியிட முடியுமா என்று யோசியுங்கள். மொட்டைக் கடிதம் போல வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டால் நீங்கள் போட்ட கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். எழுதியது யார் என்று தேடுவதிலேயே அந்த வாரம் போய்விடும்.

அச்சகத்தில் பழைய எழுத்துருவில் மாற்றுவார்கள் என்றால் மாற்றிய பிரதியை ஒரு முறை கட்டாயம் படியுங்கள். கொம்பும் ஒற்றும் இடம் மாறியிருக்கும். எண்களையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் இதழ் ஒன்றில் 600 ரூபாய் 6,000 ஆகி, இரண்டு வாரம் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

வெளிவந்த பிறகு காப்பாளர் மறுப்பு எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது எந்த விதியில் இடிக்கிறது என்று அதில் இருக்கலாம், உங்கள் கணக்கில் ஒரு பிழையும் இருக்கலாம். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், வெட்டாமல் போடுங்கள். பிழை உங்களுடையது என்றால் கீழே இரண்டு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் எழுதியது உங்கள் கட்டுரையைவிட நன்றாக இருந்துவிட்டால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.